மலை மேலே ஒரு பல்லி, கீழே ஒரு ஓணான்

மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவளிடம் மீனைத் தவிர மற்ற எல்லா ஜீவனையும் கொண்டுவந்து காட்டுவார்கள். இந்தத் தொழிலில் நான் முதலில் தெரிந்துகொண்டது அதைத்தான். கொடைக்கானல் கடைத்தெருவில் பதினொரு வருஷமாகக் கடை நடத்துகிறேன். பெயர் ஜெசிந்தா. வீட்டுக்காரர் அந்தோணி டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். பெரிய மீன்களுக்குத் தீனியாக இருக்கட்டும் என்று கடையின் பின்கட்டில் ஓட்ஸ் போட்டு மாவுப்புழு வளர்க்க ஆரம்பித்தேன். அந்தப் புழுவைத் தேடிக்கொண்டு பல்லி வளர்ப்பவர்கள் வந்தார்கள், ஓணான் வளர்ப்பவர்கள் வந்தார்கள், ஆமைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்களுடையதை எனக்குத் தர்றீங்களா, என்னுடையதை நீங்க வச்சுக்கங்க" என்று பேசவும் ஆரம்பித்தார்கள். நடுவில் நின்றது நான்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படி ஒன்றை வளர்த்து, அதற்குப் புழு வாங்கிவர உங்களை அனுப்பியிருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். என் குழப்பம் உங்களுக்குப் புரியும். மாற்றிக்கொள்வது நல்லதா கெட்டதா என்று பல பேர் கேட்கிறார்கள். திங்கட்கிழமை கேட்டால் நல்லது என்பேன், செவ்வாய்க்கிழமை கேட்டால் வேண்டவே வேண்டாம் என்பேன். ஏன் என்று நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஸ்வெட்டருக்குள் ஓணான்

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருப்பவர் வின்சென்ட் சார். அவரிடம் பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணான் ஒன்று இருந்தது. பெயர் ராஜா. பாலைவனத்துப் பிராணி அது. நெற்றிக்கு மேல் சுள்ளென்று வெயில் வேண்டும், இல்லையென்றால் அந்த அளவுக்குச் சூடான பல்பு வேண்டும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல்பு அணைந்தால் ராஜா கல் மாதிரி ஆகிவிடும். சாப்பிட்டது செரிக்காது. ஒரு நாள் வின்சென்ட் சார் ஸ்வெட்டர் வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டிருக்கக் கடைக்குள் வந்தார். பட்டனைக் கழற்றினார். உள்ளே ராஜா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. "ரெண்டு வாரமா சாப்பிடல சிஸ்டர். கிளாஸ்லயும் இப்படியே வச்சுக்கிட்டுத்தான் பாடம் நடத்துறேன்" என்றார்.

அதே வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து செந்தில்வேல் போன் செய்தார். காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். என்னிடமிருந்து பஸ்ஸில் புழு வரவழைப்பார். அவரிடம் இருந்தது க்ரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேலே இமை மயிர் மாதிரி முள் வரிசை வைத்த, ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த பல்லி. அதற்கு வெயிலே ஆகாது. சித்திரை மாதிரி ஒரு நாள் அடித்தால் போதும், சுருண்டுவிடும். ஒட்டன்சத்திரத்தில் வருஷத்தில் பாதி நாள் சித்திரைதான். போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். சூடு கேட்பது மேலே இருக்கிறது, குளிர் கேட்பது கீழே இருக்கிறது. ஒருவருடையதை ஒருவர் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ரெண்டு பேரிடமும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் கோபம் வந்தது. "என் ராஜா வெங்காய மூட்டைக்கு நடுவுல போய் இருக்கணுமா?" என்று வின்சென்ட் சார் கேட்டுவிட்டு நாலு நாள் கடைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து சரி என்றார். செந்தில்வேல் சம்மதித்ததற்குக் காரணம் அவர் மனைவி. போனைப் பிடுங்கி அந்தம்மா சொன்னது இது: "நல்லாருப்பீங்க அக்கா, வெரசா வந்து தூக்கிட்டுப் போங்க, இந்த வீட்டுல ஏசி பல்லிக்கு ஓடுது, மனுசங்க வேர்த்துக் கெடக்கோம்."

பெருமாள்மலையில் ஒரு வால்

கைமாற்றுவதற்குப் பெருமாள்மலை டீக்கடையை முடிவு செய்தோம். செந்தில்வேல் வெள்ளனே கிளம்பிப் பழனி மலைப்பாதையில் ஏறி வந்தார். நானும் வின்சென்ட் சாரும் அந்தோணியின் காரில் மலையிறங்கினோம். வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் அரசாங்க இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதங்களெல்லாம் ஒரு ஃபைலில் இருந்தன. டீ குடித்தோம். அதோடு பெட்டிகளை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். "ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேன்" என்று வின்சென்ட் சார் பல்லிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வளைவில் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

ஏதோ ஒன்று துள்ளி மேஜையில் விழுந்தது. வால். தனியாக. பாம்புக் குட்டி மாதிரி நெளிந்து நெளிந்து டீ கிளாஸைச் சுற்றியது. கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். நம் வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும். இந்தப் பல்லிக்கு முளைக்காது. செந்தில்வேல் முகம் வெளுத்துவிட்டது. "மூணு வருசம் வாலோட வச்சிருந்தேன். இது செல்லாது, கேன்சல், நான் திரும்ப எடுத்துட்டுப் போறேன்" என்றார். வின்சென்ட் சார், "தப்பு என்னோடது, வால் இல்லாட்டியும் எனக்கு வேணும்" என்றார். இவர் தரமாட்டேன் என்கிறார், அவர் விடமாட்டேன் என்கிறார். எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் பெட்டியைத் திறக்கக் கூடாது, புது இடத்தில் கொண்டுபோய் வைத்து அது அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. இவ்வளவு நேரமும் நாங்கள் குனிந்து நின்று அந்த வாலையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். காரில் சாய்ந்து நின்ற அந்தோணி அசையாமல், குரலை மட்டும் உயர்த்திச் சொன்னார்: "வாலுக்கு எதுக்குய்யா சண்டை, மிச்சப் பல்லி என் தோள்மேல உக்காந்திருக்கு, அத யாராச்சும் புடிங்க."

ராஜாவுக்கு என்ன ஆச்சு?

பல்லி கொடைக்கானலில் சொந்த ஊர் மாதிரி இருக்க ஆரம்பித்தது. வால் இல்லாத குறையே அதற்குத் தெரியவில்லை. ராஜாவும் ஒட்டன்சத்திரம் மொட்டை மாடி வெயிலில் கறுத்துக் கொழுத்து, கீரையும் புழுவுமாகத் தின்கிறது என்று வீடியோ வந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் செந்தில்வேல் போன். "அக்கா, ராஜா சாப்பிடல. கண்ணாடியில முட்டுது. மூலைய மூலையத் தோண்டுது. சார நெனச்சு ஏங்குதுன்னு நெனைக்கேன்." இதை நான் வின்சென்ட் சாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துருவோம்" என்று கிளம்பிவிட்டார். ஓணானுக்கு ஏக்கம் வருமா வராதா என்று எனக்கு எப்படித் தெரியும்? வரும் போலத்தான் இருந்தது.

நல்லவேளை, போவதற்கு முன், கீழே இருக்கிற ஒரு கால்நடை டாக்டரம்மாவுக்கு வீடியோ காட்டும்படி செந்தில்வேலிடம் சொன்னேன். மாடு ஆடு பார்க்கிறவர்தான், ஆனால் இந்த மாதிரி ஜீவன்களைப் பற்றியும் படித்து வைத்திருக்கிறார். வயிற்றைக் காட்டச் சொன்னார், வால் அடியைக் காட்டச் சொன்னார். சிரித்துவிட்டார். அது ராஜா இல்லை, ராணி. வயிறு முழுக்க முட்டை. ஆண் துணை இல்லாவிட்டாலும் சில சமயம் இப்படி வரும், பொரிக்காது. ஆனால் போட இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்து என்றார். குளிரில் விறைத்துக் கிடக்கிற உடம்பாக இருந்தால் இன்னும் மோசமாம். செந்தில்வேல் தக்காளிக் கிரேட் ஒன்றில் ஈர மணலைக் கொட்டி வைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டு முட்டை. ராஜா எழுந்து மணலைத் தட்டி மூடிவிட்டு, ஒரு கட்டுக் கீரையைத் தின்றதாம். விஷயத்தை வின்சென்ட் சாரிடம் சொன்னேன். என் போனை வாங்கி அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "மூணு வருசமா வாடா போடான்னே கூப்பிட்டேனே சிஸ்டர், ஒரு பொம்பளப் பிள்ளைய."

கொய்யாக் கூடை

அதற்குப் பிறகு என் பேர் பரவிவிட்டது. "ஜெசிந்தா அக்காகிட்ட சொன்னா மாத்திக் குடுப்பாங்க" என்று யார் யாரோ வந்தார்கள். கீழே ஆயக்குடியிலிருந்து பூங்கொடி என்று ஒரு அம்மா, கொய்யா வியாபாரி, கூடையோடு வந்தார். மேலே இலை, இலைக்குக் கீழே கொய்யா. கொய்யாவை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் அடுக்கினார். அடியில் ஒரு ஆமை. ஓடு முழுக்க மஞ்சள் நட்சத்திரம் வரைந்தது மாதிரி. தோப்பு வேலி ஓரம் கிடைத்ததாம், இரண்டு வருஷமாக வீட்டில் வளர்க்கிறாராம், வீட்டுக்கு நல்லது என்றார்களாம். அதைக் கொடுத்துவிட்டு "அந்த இங்கிலீசுப் பல்லி ஒண்ணு" வாங்கிப் போக வந்திருக்கிறார். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். வெளிநாட்டுப் பிராணிக்குக் காகிதம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். நம் காட்டில் பிறந்த இந்த ஆமையை வைத்திருப்பதே குற்றம், மாற்றினால் எனக்கும் சேர்த்துக் குற்றம்.

அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு! "வெளிநாட்டுதுக்கு உரிமை இருக்கு, உள்ளூர்க்காரனுக்கு இல்லையா? என்னம்மா நியாயம் இது?" என்று கேட்டார். எனக்கும் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. ஆளாளுக்கு வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டால் காட்டில் மிச்சம் இருக்காது என்று சொன்னேன். ஆமையைத் திரும்பக் கூடையில் வைத்தார். கடைசியில் நானே அவரை வனத்துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எங்களைப் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயம். தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு, இதற்கு இந்தக் குளிர் ஆகாது, கீழே இதற்கேற்ற காய்ந்த காட்டில் சேர்ப்போம் என்றார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது: "அது கீழயே போகுதாம், இதுக்குத்தான் நான் இத்தன வளைவு வாந்தியெடுத்துக்கிட்டு மேல தூக்கியாந்தேனாக்கும்."

வளராத ஆமை

சிவப்புக் காது ஆமை என்ற வெளிநாட்டு ஆமையை வளர்ப்பவர்கள் வாங்கும்போது தீப்பெட்டி அளவில் வாங்குவார்கள். அது நாலைந்து வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகும், அதற்குப் பிறகும் பல வருஷம் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒரு காட்டேஜ் மேனேஜர் அப்படி இரண்டைப் பக்கெட்டில் கொண்டுவந்தார். இதை வைத்துக்கொண்டு இதே மாதிரி சின்னதாக இரண்டு மாற்றிக் கொடுங்கள் என்றார். சின்னதும் பெரிசாகும் என்றேன். அப்படியென்றால் இதை ஏரியில் விட்டுவிடுகிறேன் என்றார். விட்டால் அங்கே இருக்கிற மீன், தவளை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் என்று பதறி, பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பின்கட்டு சிமென்ட் தொட்டியில் இப்போது அவை இரண்டும் என்னை முறைத்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் கடைக்குள் விடுவதில்லை, அவ்வளவு கிருமி. மேனேஜர் போகும்போது நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "அப்ப வளராத ஆமைன்னு ஒரு வெரைட்டி உங்ககிட்ட இல்லையா மேடம்?"

சீனியும் மிளகும்

இதுவரை சொன்னதில் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு.

மன்னவனூரில் பூண்டு பயிர் செய்கிறவர் ராமசாமி அண்ணன். அவர் மகள் கலைவாணி கோயம்புத்தூரில் நர்ஸ் வேலைக்குப் போனபோது, ஹாஸ்டலில் வைக்க முடியாது என்று இரண்டு லெப்பர்ட் கெக்கோவை அப்பாவிடம் விட்டுப் போனாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட பல்லிகள். ஒன்று சீனி, ஒன்று மிளகு. ஆரம்பத்தில் அவர் அந்தப் பக்கமே போக மாட்டாராம். ஆறு மாதத்தில் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து புழு வாங்குகிற ஆளாகிவிட்டார். "புள்ளைக ரெண்டும் இப்ப கையில ஏறி வருதும்மா" என்பார். வளர்ந்த பிறகு இரண்டும் ஆண் என்று தெரிந்தது. கடித்துக்கொண்டன. சீனிக்குக் கழுத்தில் காயம். ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெண் பல்லி ஒன்று மாற்றிக்கொண்டால் சண்டை நிற்கும் என்று என்னிடம் கேட்டார்.

திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கும் கார்த்திக் என்ற தம்பியிடம் பெண் பல்லிகள் இருந்தன. ஆண் தேடிக்கொண்டிருந்தான். மிளகைக் கொடுத்து ஒரு பெண் பல்லியை என் கடையிலேயே மாற்றிக்கொண்டார்கள். கார்த்திக் கொண்டுவந்ததன் வால் கொஞ்சம் மெலிவாக இருந்தது. இந்த வகைப் பல்லிக்கு வாலில்தான் கொழுப்புச் சேரும், கொழுத்த வால்தான் ஆரோக்கியம். எனக்கு அது தெரியும். கேட்டேன். "பயணத்துல டயர்டுக்கா" என்றான். சரி என்றேன். ராமசாமி அண்ணன் வீட்டில் சூடு தருகிற பாய் ஒன்றுதான் இருந்தது, அதனால் அன்றைக்கே சீனியோடு ஒரே தொட்டியில் விட்டார். விடலாமா என்று என்னிடம் கேட்டுத்தான் விட்டார். விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஐந்தாறு வாரத்தில் போன் வந்தது. புதுசு சாப்பிடவில்லை, வால் குச்சியாகிவிட்டது. அடுத்து சீனியும் தின்றதைக் கக்கியது. டாக்டரம்மா எச்சத்தை வாங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குடலில் இருக்கிற ஒரு ஒட்டுண்ணி, ஒன்றின் எச்சத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும், உறுதியான மருந்து என்று எதுவும் இல்லை என்றார். முதலில் புதுசு செத்தது. இரண்டு வாரம் கழித்துச் சீனி. கார்த்திக்குக்குப் போன் செய்தேன். முதலில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு அழுகிற குரலில் சொன்னான்: "அதுக்கு முன்னாடி அதே தொட்டியில ஒண்ணு செத்துச்சுக்கா, நீங்க கேக்கல, நானும் சொல்லல."

மன்னவனூர் பஸ்

போனில் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மன்னவனூர் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கார்த்திக் மறைத்துவிட்டான் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் கேட்கவேண்டியவள் நான். வாலைப் பார்த்தவளும் நான். சேர்த்து விடலாம் என்று சொன்னவளும் நான். இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

ராமசாமி அண்ணன் வீட்டு முன்னால் பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காலித் தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார். "என் தப்புண்ணே" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு பூண்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் சீனி சாப்பிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறாளாம். என் போனிலிருந்தே கலைவாணியைக் கூப்பிட்டு நானே சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், அப்பாவுக்காக என்னிடம் பேசுகிறாள். நான் இன்னும் குழம்பிப்போனேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ராமசாமி அண்ணன் கூடவே ரோடு வரை நடந்து வந்தார். அங்கே நின்று, என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெளியூரு வெதைப்பூண்ட ஒரு போகம் தனி வயல்ல போட்டுப் பாத்துட்டுத்தான் நம்ம வயலுக்குக் கொண்டுவருவோம், அம்புட்டுத் தெரிஞ்ச எனக்கு இது தோணாமப் போச்சேம்மா."

தொண்ணூறு நாள்

இனி இந்தச் சோலியே வேண்டாம் என்று, யாரிடம் எது இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று குறித்து வைத்திருந்த நோட்டை மூடினேன். இரண்டு மாதம் யாருக்கும் எதையும் மாற்றிக்கொடுக்கவில்லை. அப்போது ஒரு நாள் ராமசாமி அண்ணன் கடைக்கு வந்தார். புழு வாங்க அல்ல. "மிளகு எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார். கார்த்திக்கிடம் போன மிளகைப் பற்றி நான் நினைக்கவே பயந்துகொண்டிருந்தேன். கேட்டேன். அவன் அதைப் புதுத் தொட்டியில் தனியாகத்தான் வைத்திருக்கிறான். நோய்க்காக அல்ல, கடைக்கு வருபவர்கள் பார்க்கட்டும் என்று. நன்றாக இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று அவனே சொன்னான்.

எனக்கு மறுபடியும் பயம். நன்றாக இருக்கிறது என்றால் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா? டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு ஏற்பாடு செய்தேன். ராமசாமி அண்ணன் பழைய தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். மிளகு என் வீட்டு மாடி அறையில், மற்ற எதுவும் இல்லாத இடத்தில், தொண்ணூறு நாள் தனியாக இருக்க வேண்டும். அதற்கென்று தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். மற்ற ஜீவன்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத்தான் அதன் பக்கம் போவேன். போய்விட்டு வந்தால் கையை முழங்கை வரை கழுவுவேன். மாதம் ஒரு முறை எச்சம் சோதனைக்கு. அந்தோணி தெரியாத்தனமாக அந்த இடுக்கியை எடுத்து மீன் தொட்டியில் விட்டதற்கு ஒரு நாள் முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

ராமசாமி அண்ணன் ஞாயிறுதோறும் வந்தார். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தொடவில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விடுவார். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதன் முடிவு வருகிற அன்று அவர் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி வந்திருந்தார். டாக்டரம்மா போனில் "சுத்தமா இருக்கு" என்றதும் நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். ஏன் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு நாளு ஆச்சே, ஆள் யாருன்னு கேட்டுச்சுன்னா என்னம்மா சொல்றது?"

யார் பெயர்?

மிளகு ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டியதும் மோந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டது. ஞாபகம் வைத்திருந்ததா, கையின் சூட்டுக்காக ஏறியதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். ராமசாமி அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

காகித வேலை பாக்கி இருந்தது. கார்த்திக் பெயரிலிருந்து மாற்ற வேண்டும். முதலில் கலைவாணி பெயரில்தானே இருந்தது, அவள் பெயரையே போடுவோம் என்று ராமசாமி அண்ணன் சொன்னார். சம்மதம் கேட்க அவளைக் கூப்பிட்டேன். மன்னவனூரிலிருந்து கூப்பிட்ட அந்த நாளுக்குப் பிறகு நானும் அவளும் பேசவே இல்லை. விஷயத்தைச் சொன்னதும், போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் பேசினாள்: "என் பேரு வேணாங்கக்கா, அப்பா பேரையே போடுங்க, லீவுல வீட்டுக்குப் போனா மிளகு சாப்பிட்டுச்சான்னு பாத்துட்டு அப்புறந்தான் நான் சாப்பிட்டேனான்னு கேப்பாரு."

இப்போது நோட்டை மறுபடியும் திறந்து வைத்திருக்கிறேன். கைமாறி வருகிற ஜீவனை மூன்று மாதம் தனியாக வைத்துப் பார்த்தால் அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடுகிறது, அதைக் கொண்டுவருகிற மனிதர்களை எத்தனை மாதம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எந்த டாக்டரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்.